செயின்ட் லூசியா: வருவோர் கணக்கும் வாழ்வோர் கணக்கும்



செயின்ட் லூசியா என்ற பெயரை நம்மில் பலர் முதன்முதலாகக் கேட்டது கிரிக்கெட் வழியாகத்தான் இருக்கும். 2024ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், இருபது ஓவர் உலகக் கோப்பையில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய ஆட்டம் அந்நாட்டின் குரோஸ் ஐலெட் என்னும் ஊரில் நடந்தது. ரோகித் சர்மா 92 ஓட்டங்கள் குவித்த ஆட்டம் அது. அந்த மைதானம், தீவின் மைந்தரான டேரன் சாமியின் பெயரைத் தாங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் பாரிஸ் ஒலிம்பிக் போட்டியில் ஜூலியன் ஆல்பிரட் என்ற இளம்பெண் 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அந்நாட்டுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. ஒரே கோடையில் உலகம் இருமுறை அந்தச் சின்னஞ்சிறு தீவைத் திரும்பிப் பார்த்தது.

அந்த 2024ஆம் ஆண்டு முடிந்தபோது இன்னொரு சாதனையும் அறிவிக்கப்பட்டது. ஆண்டு முழுவதும் தீவுக்கு வந்து தங்கிச் சென்ற வெளிநாட்டுப் பயணிகள் ஏறத்தாழ 4,35,000 பேர். அதுவரை எந்த ஆண்டிலும் இல்லாத எண்ணிக்கை. கொள்ளைநோய்க்கு முந்தைய 2019இல் 4,23,000 பேர் வந்திருந்தார்கள். 2020இல் அது 1,30,000 அளவுக்கு விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து நான்கே ஆண்டுகளில் எழுந்து, பழைய உச்சத்தையும் தாண்டிவிட்டது. அரசும் ஓட்டல்காரர்களும் மகிழ்ந்தார்கள். மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் இந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்பது நல்லது என்று நாம் நினைக்கிறோம். சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் ஊர்கள் உலகெங்கும் பெருகிவரும் காலம் இது.

முதலில் நாட்டைப் பற்றி ஒரு சில வார்த்தைகள். கரீபியன் கடலின் கிழக்கு விளிம்பில், 616 சதுர கிலோமீட்டர் பரப்பில், ஏறத்தாழ 1,80,000 மக்கள் வாழும் தீவு. மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த மறைசாட்சி புனித லூசியாவின் பெயரைக் கொண்டது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் பாதுகாவலியாக நாம் வணங்கும் அதே புனிதைதான். அவருடைய திருநாளான டிசம்பர் 13 அங்கே தேசிய நாள். மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் கத்தோலிக்கர். பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே இத்தீவு பதினான்கு முறை கைமாறியது என்பார்கள். அதனால் ஆட்சிமொழி ஆங்கிலமாக இருந்தாலும் வீட்டிலும் சந்தையிலும் பேசுவது பிரெஞ்சு கலந்த கிரியோல் மொழி. கரும்புத் தோட்டங்களுக்காக 1859 முதல் இந்தியாவிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் கொண்டு செல்லப்பட்டார்கள். 1979 பிப்ரவரி 22 அன்று நாடு விடுதலை பெற்றது. அதே ஆண்டு அத்தீவில் பிறந்த ஆர்தர் லூயிஸ் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். 1992இல் இலக்கியத்துக்கான பரிசு டெரக் வால்காட்டுக்குக் கிடைத்தது. இவ்வளவு சிறிய மண்ணுக்கு இரண்டு நோபல் பரிசுகள்!

இனி அந்த எண்ணிக்கைக்கு வருவோம். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், நான்கு பேர் உள்ள ஒரு வீட்டுக்கு ஆண்டில் ஏறத்தாழ பத்து விருந்தினர் வந்து தங்கிப் போவது போன்றது இது. இவர்கள் விமானத்தில் வந்து, ஓர் இரவாவது தங்குகிறவர்கள். இவர்களைத் தவிர உல்லாசக் கப்பல்களில் வருகிறவர்கள் தனிக் கணக்கு. 2019இல் அப்படி வந்தவர்கள் மட்டும் 7,86,000 பேர். பாய்மரப் படகுகளில் வருவோர் இன்னொரு சிறு கணக்கு. மூன்றையும் கூட்டித்தான் 2019இல் ஏறத்தாழ 13 லட்சம் பேர் வந்ததாகச் சொல்லப்பட்டது. இந்தக் கூட்டலில்தான் நாம் முதலில் தடுமாறுகிறோம்.

கப்பல் பயணி காலையில் காஸ்ட்ரீஸ் துறைமுகத்தில் இறங்குகிறார். மாலையில் கப்பல் புறப்பட்டுவிடும். படுக்கை கப்பலில், மூன்று வேளைச் சாப்பாடும் கப்பலில். அதற்கான பணம் ஊரிலேயே கட்டியாயிற்று. கரையில் அவர் செலவிடுவது ஒரு வேன் சவாரி, ஒரு தொப்பி, ஒரு குளிர்பானம். அந்த வேன் சவாரியையும் பெரும்பாலும் கப்பல் நிறுவனமே விற்று, தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் மீதியை உள்ளூர்க்காரரிடம் தருகிறது. துறைமுகத்தில் ஆளுக்கு இவ்வளவு என்று அரசு வாங்கும் கட்டணத்தைக் கூட்டலாமென்றால், அடுத்த தீவுக்குப் போய்விடுவோம் என்று கப்பல்காரர்கள் சொல்ல முடியும். சொல்லியும் வந்திருக்கிறார்கள். பகாமாஸ் பகுதியில் தங்களுக்கென்றே தனித்தீவுகளை வைத்துக்கொண்டு பயணிகளை அங்கே இறக்கும் நிறுவனங்கள் அவை. ஆகவே ஒரு வாரம் தங்குகிற குடும்பத்தையும், ஐந்து மணி நேரம் உலாவிவிட்டுப் போகிறவரையும் ‘வந்தவர்’ என்ற ஒரே சொல்லால் கூட்டி ஒரு பெரிய எண்ணைக் காட்டுவது, திருவிழாக் கூட்டத்தைக் காட்டி உண்டியல் நிறைந்துவிட்டது என்று சொல்வதைப் போன்றது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. அந்தக் கப்பல்களில் வேலை செய்வோரில் நம் நாட்டவரும் ஏராளம். நம் கடலோரப் பங்குகளிலிருந்தும் பிள்ளைகள் சமையலறைக்கும் அறைப் பராமரிப்புக்கும் ஒப்பந்தத்தில் போகிறார்கள். 2020இல் துறைமுகங்கள் மூடப்பட்டபோது, பயணிகள் எல்லாரும் வீடு திரும்பிய பிறகும், பல்லாயிரம் பணியாளர்கள் கரீபியன் கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலேயே வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். எந்த வருகைக் கணக்கிலும் அவர்கள் இல்லை. தீவுகளின் கரை கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. இறங்கத்தான் அனுமதி இல்லை.

சரி, விமானத்தில் வந்து தங்குகிறவர்களால் வரும் பணமாவது தீவிலேயே தங்குகிறதா? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. வருவோரில் பாதிக்கு மேற்பட்டோர் அமெரிக்கர். அடுத்த இடம் பிரிட்டன்காரர்களுக்கு. பலர் புதுமணத் தம்பதிகள். அவர்களில் பெருந்தொகையினர் தங்குவது, சாப்பாடு, மது, விளையாட்டு எல்லாவற்றையும் ஒரே கட்டணத்தில் அடக்கிய பெரிய ஓட்டல்களில். ‘சான்டல்ஸ்’ என்ற ஒரே குழுமத்துக்கு மட்டும் இத்தீவில் மூன்று ஓட்டல்கள் இருக்கின்றன. பயணி தன் ஊரிலிருந்தே முழுப் பணத்தையும் கட்டிவிடுகிறார். விமான நிறுவனம் அயல்நாட்டுடையது. பயணத்தை விற்ற முகவர் அயல்நாட்டவர். ஓட்டல் உணவின் பெரும்பகுதி மயாமியிலிருந்து கன்டெய்னரில் வருகிறது. எல்லாம் முன்பணத்தில் அடங்கிவிட்டபின், வாசலைத் தாண்டி வெளியே வந்து ஒரு சிறு உணவகத்தில் உட்கார வேண்டிய தேவை விருந்தினருக்கு என்ன இருக்கிறது? கரீபியன் தீவுகளில் சுற்றுலாப் பயணி செலவிடும் ஒரு டாலரில் எண்பது சென்ட் வரை வெளியே போய்விடுகிறது என்ற ஒரு கணக்கைப் பலர் எடுத்துக்காட்டுவதுண்டு. எல்லாத் தீவுக்கும் எல்லா ஆண்டுக்கும் அது பொருந்தும் என்று நாம் நம்பவில்லை. எண் எதுவாயினும் ஒழுகுகிறது என்பதை மறுப்பார் இல்லை.

எனினும், நியாயமாகப் பேசுவோம். இந்த ஓட்டல்கள் இல்லையென்றால் தீவில் வேலை எங்கே? உலகப் பயண, சுற்றுலா மன்றம் 2019ஆம் ஆண்டுக்குச் செய்த மதிப்பீட்டின்படி, நேரடியாகவும் மறைமுகமாகவும் நாட்டின் உற்பத்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சுற்றுலாவைச் சார்ந்தது. அறை சுத்தம் செய்யும் தாய், தோட்டக்காரர், டாக்சி ஓட்டுநர், கடற்கரையில் இளநீர் விற்பவர், இசைக்குழுவினர் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அடுப்பெரிவது இதனால்தான். கல்விக் கட்டணம் கட்டுவதும் வீட்டுக் கடனை அடைப்பதும் இதனால்தான். வெளியில் நின்றுகொண்டு சுற்றுலாவைச் சாடுவது எளிது. வேறு வழி காட்டாமல் சாடுவது, வேலை செய்கிறவர்களின் வயிற்றில் அடிப்பதாகும்.

வேறு வழி முன்பு இருந்தது. அதன் பெயர் வாழை.

1950களிலிருந்து நாற்பது ஆண்டுகள் இத்தீவை வாழவைத்தது வாழைதான். ‘பச்சைத் தங்கம்’ என்றார்கள். கரும்பு பெருமுதலாளிகளின் பயிர். வாழை ஏழைகளின் பயிர். இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருந்த குடும்பமும் பயிரிடலாம். வாரந்தோறும் குறித்த நாளில் இங்கிலாந்துக்குக் கப்பல் புறப்படும். அந்த நாளில் ஒவ்வொரு சிற்றூரிலும் கையில் காசு புழங்கும். அந்தக் காசில் ஓட்டு வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போனார்கள். 1975இல் கையெழுத்தான லோமே உடன்படிக்கை, பழைய குடியேற்ற நாடுகளின் வாழைக்கு ஐரோப்பியச் சந்தையில் சலுகை தந்தது. விண்ட்வர்ட் தீவுகள் என்று அழைக்கப்படும் நான்கு தீவுகளிலும் சேர்த்து, 1990களின் தொடக்கத்தில் 25,000க்கு மேற்பட்ட சிறு விவசாயிகள் இதில் வாழ்ந்தார்கள்.

பிறகு நடந்ததை நாம் மறக்கக்கூடாது. மத்திய, தென் அமெரிக்காவின் பெருந்தோட்ட வாழை மலிவானது. அதை விற்கும் நிறுவனங்கள் அமெரிக்காவைச் சேர்ந்தவை. வாழையை ஏற்றுமதியே செய்யாத அமெரிக்கா, ஈக்வடார், குவாத்தமாலா, ஹோண்டுராஸ், மெக்சிகோ ஆகிய நாடுகளோடு சேர்ந்து உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தது. 1997இல் தீர்ப்பு ஐரோப்பியச் சலுகைக்கு எதிராக வந்தது. 1999இல் ஐரோப்பியப் பொருள்கள் சிலவற்றின் மீது அமெரிக்கா தண்டனை வரியும் விதித்தது. இழுபறி 2009 டிசம்பரில் ஜெனீவாவில் ஏற்பட்ட உடன்பாட்டோடுதான் ஓய்ந்தது. அதற்குள் விண்ட்வர்ட் தீவுகளின் வாழை விவசாயிகள் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டார்கள். எஞ்சியவர்களைத் தாங்கியது ‘நியாய வணிக’ முத்திரை. 2010 அக்டோபர் இறுதியில் தாக்கிய தோமஸ் புயல் எஞ்சிய தோட்டங்களையும் சாய்த்தது.

வழக்கின் இரு தரப்பிலும் பெரிய அரசுகள். இடையில் மிதிபட்டது, மண்வெட்டியோடு மலைச்சரிவில் நின்ற ஒரு மனிதர். அவருடைய மகள்தான் இன்று ஓட்டலில் படுக்கை விரிக்கிறாள். வாழை விழுந்ததால் சுற்றுலா எழுந்தது என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய ஒற்றுமை இருப்பதை நாம் கவனிக்க வேண்டும். வாழையின் விலையைத் தீவு முடிவு செய்யவில்லை. வருவோரின் எண்ணிக்கையையும் தீவு முடிவு செய்வதில்லை.

எடுத்துக்காட்டாக, 2009 நவம்பரில் லண்டன் அரசு விமானப் பயணிகள் மீதான வரியைத் தூரத்தின் அடிப்படையில் நான்கு அடுக்குகளாகப் பிரித்தது. தூரத்தை அளந்தது தலைநகரிலிருந்து தலைநகருக்கு. இதனால் அமெரிக்கா முழுவதும் வாஷிங்டன் இருக்கும் தூரத்தில் இருப்பதாகக் கணக்கிடப்பட்டு, பசிபிக் நடுவில் உள்ள ஹவாய்க்குப் போகிறவர் குறைந்த வரி கட்டினார். அதைவிட மிக அருகிலுள்ள கரீபியன் தீவுகளுக்குப் போகிறவர் கூடுதல் வரி கட்டினார்! உலகப் பொருளாதார நெருக்கடியில் ஏற்கெனவே 2009இல் வருகை சரிந்திருந்த வேளையில் இந்த அடி. தீவுகளின் அமைச்சர்கள் ஆண்டுக்கணக்கில் லண்டனுக்கு நடையாய் நடந்தார்கள். 2015 ஏப்ரலில்தான் அந்த அடுக்குகள் நீக்கப்பட்டன. எங்கோ ஓர் அலுவலகத்தில் வரைந்த ஒரு கோடு, காஸ்ட்ரீசில் ஒரு தாயின் வேலை நாள்களைக் குறைக்கிறது. இதுதான் நாம் சொல்ல வருவது.

2020 இதை இன்னும் கொடுமையாகக் காட்டியது. மார்ச்சில் வானம் மூடியது. ஓட்டல்கள் ஒரே வாரத்தில் காலியாயின. அந்த ஆண்டு நாட்டின் உற்பத்தி ஏறத்தாழ கால்பங்கு சுருங்கியது. போரில்லாத ஒரு நாட்டில் ஓர் ஆண்டில் இவ்வளவு சுருங்குவது அரிது. அந்த ஆண்டின் தொடக்கம் கடும் வறட்சி வேறு. மே மாதம் தண்ணீர் நெருக்கடி அறிவிக்கப்பட்டது.

தண்ணீர் என்றதும் ரோசோ பள்ளத்தாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். காஸ்ட்ரீசுக்குத் தெற்கே உள்ள இந்த ஒரு பள்ளத்தாக்கில் தீவின் வரலாறு முழுவதும் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. ஒரு காலத்தில் கரும்பு. பிறகு கண்ணுக்கெட்டிய தூரம் வாழை. அங்கே ஜக்மெல் என்னும் ஊர் ஆலயத்தில் 1973இல் டன்ஸ்டன் செயின்ட் ஓமர் என்ற ஓவியர் ஒரு பெரிய சுவரோவியம் தீட்டினார். நாட்டின் கொடியை வடிவமைத்தவரும் அவரே. பீடத்துக்குப் பின்னால் அவர் வரைந்த திருக்குடும்பம் கறுப்பினத்துத் திருக்குடும்பம். சுற்றிலும் அந்தப் பள்ளத்தாக்கின் மக்கள், உழைக்கிறவர்களாகவும் பாடுகிறவர்களாகவும் ஆடுகிறவர்களாகவும். ஐரோப்பிய முகங்களையே பீடத்தில் பார்த்துப் பழகிய மக்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தியாக இருந்திருக்கும்! 1986இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வருவதை முன்னிட்டு காஸ்ட்ரீஸ் பேராலயத்தின் சுவர்களையும் அவரே வண்ணமாக்கினார். இன்று வேன்களில் வரும் பயணிகளில் சிலர் ஜக்மெல்லிலும் இறங்கி அந்த ஓவியத்தைப் பார்த்துப் போகிறார்கள்.

அதே பள்ளத்தாக்கின் மேற்பகுதியில்தான் தீவின் வடபகுதிக்குத் தண்ணீர் தரும் ஜான் காம்ப்டன் அணை இருக்கிறது. பெரிய ஓட்டல்கள் பெரும்பாலும் வடபகுதியில். 2010இன் தோமஸ் புயலில் மலைச்சரிவுகள் இடிந்து அணைக்குள் வண்டல் வந்து குவிந்தது. அணையின் கொள்ளளவு பெரிதும் குறைந்தது. தூர்வாரும் திட்டம் ஆண்டுக்கணக்கில் பேச்சளவில் நின்றது. வருகை மட்டும் ஆண்டுக்காண்டு கூடியது. குழாயில் தண்ணீர் வராத நாளில் ஓட்டலுக்குப் பெரிய தொட்டிகள் இருக்கின்றன. குன்றின் மேலுள்ள வீட்டுக்கு இருப்பது வாளி. வருகைப் பட்டியலில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கப்படுவதில்லை.

இன்னொன்று, நம் வாசகர்களுக்குக் குறிப்பாகப் புரியும். இத்தீவின் கார்னிவல் விழா மற்றக் கத்தோலிக்க நாடுகளைப் போலவே தவக்காலத்துக்கு முன்னால் நடந்துவந்தது. சாம்பல் புதனுக்கு முந்திய இரண்டு நாள் கொண்டாட்டம், பிறகு நோன்பு. 1999இல் அதை ஜூலை மாதத்துக்கு மாற்றினார்கள். பிப்ரவரியில் டிரினிடாட்டின் பெரிய கார்னிவலோடு போட்டியிட முடியாது. பிப்ரவரியில் ஓட்டல்கள் எப்படியும் நிரம்பியே இருக்கும். ஜூலையில் காலி அறைகள் உண்டு. கணக்கு சரிதான். அண்டைத் தீவுகளிலிருந்தும், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் குடியேறிய சொந்த மக்களும் விடுமுறையில் வர வசதியாயிற்று. ஆனால் நோன்புக்கு முந்திய விருந்து என்ற பொருள் போய், விருந்து மட்டும் மிஞ்சியது. இதே காரணத்துக்காகத்தான் 1992இல் மே மாதத்தில் ஜாஸ் இசைவிழா தொடங்கப்பட்டது. ஆள் வராத மாதத்துக்கு ஒரு விழா என்று ஓர் ஆண்டின் நாள்காட்டியே விமானங்களின் நாள்காட்டிக்கு ஏற்ப வளைகிறது.

அங்கே உச்சப் பருவம் டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை. வடக்கே பனி கொட்டும் மாதங்கள். அதாவது கிறிஸ்து பிறப்பிலிருந்து உயிர்ப்புப் பெருவிழா வரை. நள்ளிரவுத் திருப்பலி நேரத்தில், பெரிய வெள்ளியன்று, பாஸ்கா இரவில், ஓட்டல் பணியாளருக்கு வேலை மிகுதி. விருந்தினருக்கு ஓய்வு கிடைக்க வேண்டுமானால் வேறொருவர் ஓய்வைக் கொடுத்தாக வேண்டும். பிறகு செப்டம்பர், அக்டோபர். புயல் பருவத்தின் உச்சம். அறைகள் காலி. சில ஓட்டல்கள் பழுதுபார்க்க என்று மூடிவிடுவார்கள். மற்றவை வேலை நேரத்தைக் குறைக்கும். நம் ஆண்டவர் சொன்ன திராட்சைத் தோட்ட உவமையில், எங்களை யாரும் வேலைக்கு அமர்த்தவில்லையே என்று மாலை வரை சந்தையில் நின்றவர்களை நினைத்துக்கொள்ளலாம். அவர்கள் சோம்பேறிகளாக இருந்து நிற்கவில்லை. ஆண்டுக்கு 4,35,000 என்ற மொத்தக் கணக்கு இந்த இரண்டு மாதங்களை மறைத்துவிடுகிறது.

வருகைப் பட்டியல் மறைக்கும் இன்னொரு கூட்டம் உண்டு. இவர்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. அண்டைத் தீவுகளிலிருந்து வரும் சாதாரண மக்கள்; லண்டனில் குடியேறிய மகன்; திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் ஊர்த் திருநாளுக்கும் வருகிறவர்கள். வெளிநாட்டில் வசிப்பதால் அவர்களும் பயணிகளாகவே எண்ணப்படுகிறார்கள். உல்லாச விளம்பரப் படங்களில் அவர்கள் இருக்க மாட்டார்கள். ஆனால் அக்கா வீட்டில் தங்கி, சந்தையில் மீன் வாங்கி, ஊர்க் கடையில் முடி வெட்டி, பங்குக் கோவிலில் காணிக்கை போட்டுப் போகிறவர்கள் அவர்கள்தான். அவர்கள் செலவிடுவது குறைவு. தீவிலேயே தங்குவது அதிகம். இவர்களைச் சுமந்துவந்த ‘லியாட்’ என்னும் தீவுகளிடை விமான நிறுவனம் 2020இல் வீழ்ந்தது. பக்கத்துத் தீவுக்குப் போக அமெரிக்காவுக்குப் போகும் அளவு கட்டணம் கேட்கிறார்கள் என்பது அப்பகுதியில் எல்லாரும் சொல்லும் குறை. மொத்த எண்ணிக்கை சாதனை படைத்த ஆண்டிலும் இந்த வரிசை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அமெரிக்கர் கூடினார்கள், அக்கம்பக்கத்தார் குறைந்தார்கள். இது தீவுக்கு இலாபமா என்று கேட்டால், வங்கிக்கு இலாபமாக இருக்கலாம் என்பதே நம் கருத்து.

ஒரே நாட்டை இவ்வளவு சார்ந்திருப்பதிலும் ஆபத்து உண்டு. வாழைக்கு ஒரே சந்தை இங்கிலாந்து. இப்போது பயணிக்கு ஒரே பெரிய சந்தை அமெரிக்கா. முதலாவது எப்படி முடிந்தது என்பதைப் பார்த்தோம்.

தீவின் மக்கள் வாளாவிருக்கவில்லை. ஆன்ஸ் லா ரே என்ற மீனவர் ஊரில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் தெருவிலேயே மீன் சுட்டு விற்கிறார்கள். பயணிகள் ஓட்டலை விட்டு வெளியே வந்து அங்கே சாப்பிடுகிறார்கள். காசு நேராக மீனவப் பெண்களின் கைக்குப் போகிறது. குழுமம் எதுவும் குறுக்கே இல்லை. ஓட்டல் சங்கமே விவசாயிகளையும் ஓட்டல் சமையலறைகளையும் வாட்ஸ்ஆப் வழியாக இணைக்கும் ஒரு முயற்சியைச் சில ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. தக்காளி இவ்வளவு இருக்கிறது, யாருக்கு வேண்டும் என்று விவசாயி கேட்க, அங்கிருந்தே பதில் வரும். எளிய யோசனை, ஆனால் இறக்குமதிக் கன்டெய்னரை எதிர்த்து நிற்கும் யோசனை. 2020 டிசம்பரிலிருந்து தங்கும் ஒவ்வொருவரிடமும் இரவுக்கு மூன்று அல்லது ஆறு அமெரிக்க டாலர் சுற்றுலாத் தீர்வையாக வாங்குகிறார்கள். அந்தப் பணம் விளம்பரத்துக்கும் சிற்றூர்ச் சுற்றுலாவுக்கும் போகிறது. வந்தவரிடம் வாங்கி, இன்னும் ஆள் வரவழைக்கச் செலவிடுவதைவிட, அணையின் வண்டலை அள்ளச் செலவிட்டிருந்தால் நாம் இன்னும் மகிழ்ந்திருப்போம்.

நிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தீவின் தென்மேற்கில் கடலிலிருந்து நேரே எழும் இரட்டை மலைகளான பிட்டோன்கள் நாட்டின் கொடியிலேயே இடம்பெற்றவை. 2004இல் அப்பகுதி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, இரண்டு மலைகளுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தாக்கில் ஓர் உல்லாச ஓட்டல் கட்டப்பட்டது. டெரக் வால்காட் அதை வெளிப்படையாக எதிர்த்தார். கட்டடம் எழுந்தது. வேலை கிடைத்தது என்று அவ்வூர் மக்களில் பலர் ஆதரிக்கவும் செய்தார்கள். இரு தரப்புமே தீவை நேசித்தவர்கள் என்பதுதான் வேதனை. கடற்கரை சட்டப்படி எல்லாருக்கும் பொது. அதற்குப் போகும் வழிதான் பல இடங்களில் ஓட்டல் வாசல் காவலரைத் தாண்டிப் போகிறது.

கடலோ தன் போக்கில் மாறிவருகிறது. 2011 முதல் சர்காசம் என்னும் பழுப்புநிறக் கடற்பாசி அட்லாண்டிக் பக்கக் கரைகளில் குவியல் குவியலாக ஒதுங்கி அழுகுகிறது. டென்னரி போன்ற கிழக்குக் கரை ஊர்களின் மீனவர்களுக்குப் படகை இறக்கவே பாடு. ஓட்டல்கள் மேற்குக் கரையில் இருப்பதால் விளம்பரப் படங்கள் இன்னும் நீலமாகவே இருக்கின்றன. 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் கிரெனடாவைச் சேர்ந்த கரியாக்கூ தீவைத் தரைமட்டமாக்கியது. அதே வழியில் சற்று வடக்கே வந்திருந்தால் செயின்ட் லூசியாவின் சாதனை ஆண்டு ஜூலையிலேயே முடிந்திருக்கும். மீனவர் படகுகளும் வாழைத் தோட்டங்களும் சேதமானதோடு தப்பியது.

ஆண்டுதோறும் வந்தோர் எத்தனை பேர் என்று வெளியிடுவதுபோல, அவர்கள் எத்தனை இரவு தங்கினார்கள், செலவிட்டதில் எவ்வளவு தீவுக்குள் நின்றது, ஓட்டல்கள் உள்ளூரில் எத்தனை டன் காய்கறியும் மீனும் வாங்கின, செப்டம்பரில் எத்தனை பணியாளருக்கு முழுச் சம்பளம் கிடைத்தது என்பதையும் அதே பக்கத்தில், அதே பெரிய எழுத்தில் வெளியிட்டால் என்ன? இவற்றில் சில புள்ளிவிவரத் துறையிடம் ஏற்கெனவே சிதறிக் கிடப்பவைதாம். அடுத்த சாதனை அறிவிக்கப்படும் நாளில், ரோசோ பள்ளத்தாக்கின் விவசாயி முதலில் தேடிப் பார்க்கப்போவது அந்த மூன்றாவது வரியைத்தான்.